பிளாக் எடிட்டரில் பட்டியலும் அட்டவணையும்: கையால் எண் அடிப்பதை இனி விட்டுவிடலாம்

டீச்சர், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி வைத்துவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். ஒயிட்ஃபீல்டில் உங்கள் அபார்ட்மென்ட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு தளம் வைத்திருக்கிறீர்கள். இத்தனை வருஷமும் அது பழைய கிளாசிக் எடிட்டரில் ஓடியது. தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அண்மையில், பத்தி, பட்டியல், படம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக, அதாவது பிளாக்காக, அடுக்கும் பிளாக் எடிட்டருக்கு மாற்றிவிட்டார். இப்போது பட்டியலின் நடுவில் படம் போட்டால் எண் மறுபடி 1-லிருந்து ஆரம்பிக்கிறது. மைக்ரோசாப்ட் வேர்டிலிருந்து கொண்டுவந்தால் எண் இரண்டு முறை வருகிறது. அட்டவணையில் கட்டங்களை ஒன்றாக்கும் பட்டனைக் காணோம். போனில் பார்த்தால் சொற்கள் துண்டுதுண்டாக உடைகின்றன. அ, ஆ, இ என்று வரிசைப்படுத்த வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, "பேசாமல் பழையதற்கே திரும்பிவிடலாமா?"

திரும்ப வேண்டாம். நான் இங்கே பெங்களூரில் மென்பொருளுக்குக் கையேடு எழுதும் வேலையில் இருக்கிறேன். பட்டியலும் அட்டவணையும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. புது எடிட்டரில் வந்திருக்கும் வசதிகளைப் பார்த்தால், முக்கால்வாசி நாம் இதுவரை செய்துவந்த கைவேலைகளுக்கு மாற்றாக வந்தவை. எண்ணைக் கையால் அடிப்பது, ஸ்பேஸ் தட்டித் தட்டி உள்ளே தள்ளுவது, படத்தை ஓரமாக நிறுத்த ஒரு அட்டவணை போட்டு அதன் கோட்டை மறைப்பது என்று எல்லாரும் செய்ததுதான். கைவேலையையும் விடாமல் புது வசதியையும் பிடித்துக்கொண்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். உங்கள் தொல்லையில் பாதி அந்த முட்டல்தான்.

என்ன மாறியது என்று ஒரு நிமிஷம் பார்ப்போம். பிளாக் எடிட்டர் 2018 டிசம்பரில், வேர்ட்பிரஸ் 5.0-வோடு வந்தது. அப்போது ஒரு முழுப் பட்டியலும் ஒரே பிளாக். உள்ளே இருக்கும் வரிகளை எடிட்டர் தனித்தனியாகப் பார்க்காது. 2022 நவம்பரில் வந்த 6.1 பதிப்பில் இதை மாற்றினார்கள். பட்டியல் ஒரு பெட்டி, அதற்குள் ஒவ்வொரு ஐட்டமும் தனி பிளாக். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அன்றிலிருந்துதான் மூன்றாவது ஐட்டத்தைப் பிடித்து இழுத்து முதலாவதாக வைக்கலாம், மேல் கீழ் அம்புக்குறியால் நகர்த்தலாம். எண்கள் தாமாகத் திருத்திக்கொள்ளும். இதற்கு முன் கட் செய்து ஒட்டி, எண்ணைப் பார்த்துப் பார்த்து மாற்றியது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஐட்டங்கள் தனி பிளாக் ஆனதால் இன்னொன்றும் நடந்தது. ஒரு ஐட்டத்துக்குள் கர்சர் இருக்கும்போது வலப்பக்கத்தில் தெரியும் செட்டிங்ஸ் அந்த ஐட்டத்துடையது, பட்டியலுடையது கிடையாது. "எண் எதில் தொடங்க வேண்டும் என்ற கட்டத்தையே காணோம்" என்று எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் இதுதான். டூல்பாரின் இடது ஓரத்தில் இருக்கும் பட்டியல் ஐகானை ஒரு தடவை தட்டுங்கள். வெளிப்பெட்டி தேர்வாகும், உடனே வலப்பக்கம் மாறும். இந்த ஒரு விஷயம் பழகிவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இப்போது எண் பிரச்சினைக்கு வருகிறேன். பட்டியலின் ஓர் ஐட்டத்துக்குள் இன்னொரு பட்டியலை வைக்கலாம். பட பிளாக், அட்டவணை பிளாக் எதையும் வைக்க முடியாது. நீங்கள் மூன்றாவது படிக்குப் பிறகு வெற்று வரியில் என்டர் தட்டிப் படத்தைச் செருகியபோது எடிட்டர் உங்கள் பட்டியலை இரண்டாக வெட்டிவிட்டது. கண்ணுக்கு ஒரே பட்டியலாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு. இரண்டாவதும் புதுப் பட்டியல் என்பதால் 1-லிருந்து எண்ணத் தொடங்குகிறது. சரிசெய்ய இரண்டாவது பட்டியலின் வெளிப்பெட்டியைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கத்தில் "ஸ்டார்ட் வேல்யூ" என்ற இடத்தில் 4 என்று கொடுங்கள். அதன் பக்கத்திலேயே எண்ணைத் தலைகீழாக்கும் வசதியும் இருக்கிறது, 10-லிருந்து 1-க்கு இறங்கும். விநாடி வினாப் போட்டியின் முடிவுகளை வெளியிட நன்றாயிருக்கும், மற்றபடி பெரிதாக வேலை கொடுக்காது.

ஆனால் 4 என்று நாம் கையால் கொடுத்த எண், கொடுத்த இடத்திலேயே நிற்கும். நாளைக்கு முதல் பட்டியலில் ஒரு படியைக் கூட்டினால் இரண்டாவது பட்டியல் தானாக 5 ஆகாது. ஆகவே படம் சின்னதாக இருந்தால் வேறு வழியில் போங்கள். ஐட்டத்தின் கடைசியில் ஷிப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் புது எண் வராமல் அடுத்த வரி மட்டும் வரும். அங்கே டூல்பாரின் கீழ்நோக்கும் அம்பைத் தட்டி "இன்லைன் இமேஜ்" செருகுங்கள். பட்டியல் உடையாது.

சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்புவது எப்படி என்ற உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அங்கே பட்டியலே வேண்டாம் என்பது என் கருத்து. "படி 1: படிவத்தைத் திறப்பது" என்று சின்ன தலைப்பு, கீழே ஒரு பத்தி, கீழே படம், அவ்வளவுதான். பட்டியல் என்பது ஒன்றிரண்டு வரிக்குள் முடியும் விஷயங்களுக்கு. ஐட்டம் ஒவ்வொன்றும் அரைப்பக்கம் வந்தால் அது பட்டியலாக இருக்க மறுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இதற்காகத்தான் முதலில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து வேர்ட். வேர்டில் நீங்கள் பார்க்கும் எண்ணிட்ட பட்டியல் காப்பி ஆகிக் கிளிப்போர்டுக்குள் போகும்போது இணையத்தின் நிஜப் பட்டியலாகப் போவதில்லை. ஒவ்வொரு ஐட்டமும் சாதாரணப் பத்தியாக, "இது இந்தப் பட்டியலின் இத்தனையாவது மட்டம்" என்ற மைக்ரோசாப்டின் சொந்தக் குறிப்போடு போகிறது. வேர்ட்பிரஸ் அந்தக் குறிப்பைப் படித்து நிஜப் பட்டியலாக மாற்றத் தெரிந்துவைத்திருக்கிறது. அதனால் வேர்டின் பட்டனை அழுத்திப் போட்ட பட்டியல் பெரும்பாலும் ஒழுங்காகவே வந்துசேரும். கையால் "1." என்று அடித்த பட்டியலில்தான் இரட்டை எண். அதில் எண்ணும் எழுத்தோடு எழுத்தாக வந்துவிடும். பிறகு நீங்கள் எண் பட்டன் அழுத்தினால் எடிட்டர் தன் பங்குக்கு ஒரு எண்ணைப் போடும். "1. 1. பிறப்புச் சான்றிதழ் நகல்" ஆயிற்றா?

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அப்படிக் கையால் எண் அடித்த பகுதியை வேர்டிலிருந்து காப்பி செய்து முதலில் நோட்பேடில் ஒட்டுங்கள். பிறகு நோட்பேடிலிருந்து காப்பி செய்து எடிட்டரில் ஒட்டுங்கள். நோட்பேட் வெறும் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். வெறும் எழுத்து வந்தால் வேர்ட்பிரஸ் அதை மார்க்டவுன், அதாவது சாதாரணக் குறிகளாலேயே பட்டியலையும் தலைப்பையும் காட்டும் எழுத்துமுறை, என்று கருதிப் படிக்கும். வரியின் தொடக்கத்தில் எண், புள்ளி, இடைவெளி இருந்தால் அது எண் பட்டியலாகும். சிறு கோடோ நட்சத்திரக் குறியோ இருந்தால் புள்ளிப் பட்டியலாகும். உருண்டைப் புள்ளி இருந்தாலும் புரிந்துகொள்ளும். "அ)" என்றால் புரியாது. மார்க்டவுன் முறையில் செங்குத்துக் கோடுகளால் பிரித்து எழுதிய அட்டவணையையும் இதே வழியில் ஒட்டலாம், நேராக அட்டவணை பிளாக்காகவே இறங்கும்.

ஏற்கெனவே பத்திகளாக இருக்கும் பத்து வரியைப் பட்டியலாக்க ஒவ்வொன்றாக மாற்றவும் தேவையில்லை. எல்லாப் பத்திகளையும் சேர்த்துத் தேர்வு செய்து, டூல்பாரின் முதல் ஐகானைத் தட்டி "லிஸ்ட்" என்று மாற்றினால் பத்திக்கு ஓர் ஐட்டம். திரும்பப் பத்தியாக்கவும் அதே இடம்தான்.

தட்டச்சு செய்யும்போதே பட்டியல் தொடங்க, வெற்றுப் பத்தியில் சிறு கோடும் ஸ்பேஸும், அல்லது 1, புள்ளி, ஸ்பேஸ். ஓர் ஐட்டத்தை உள்மட்டத்துக்குத் தள்ள டேப், வெளியே எடுக்க ஷிப்டோடு டேப். பிளாக் செருக சாய்வுக்கோடு தட்டிப் பெயரை அடித்தால் போதும் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். நீங்கள் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர். அதில் சாய்வுக்கோட்டு விசையைத் தட்டினால் ழ வரும்! எடிட்டர் பாட்டுக்கு உங்கள் ழகரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்குக் கோடு வந்தாலும் பின்னால் அடிக்கும் பெயர் தமிழெழுத்தாக மாறிவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பத்தியின் வலது ஓரத்தில் தெரியும் கூட்டல் குறியைத் தட்டுங்கள். இந்த எடிட்டரைச் செய்தவர்கள் யாரும் தமிழ்99-இல் அடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அ, ஆ, இ பற்றிக் கேட்டதற்கு மகிழ்ச்சி. யாரும் கேட்பதில்லை, எல்லாரும் கையால் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வலப்பக்கத்தில் "லிஸ்ட் ஸ்டைல்" என்ற இடத்தில் எண், ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ரோமன் எண் வகைகள் மட்டும்தான் இருக்கின்றன. தமிழ் இல்லை. ஆனால் உலாவிகளுக்குத் தமிழ் தெரியும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் தரத்திலேயே "தமிழ்" என்ற பெயரில் ஒரு எண்வகை உண்டு. அதைக் கொடுத்தால் 1, 2, 3 என்பதற்குப் பதில் ௧, ௨, ௩ வரும். 10-ஐ அது ௧௦ என்று இடமதிப்பு முறையில் காட்டும். ஏட்டுச்சுவடிகளில் வருவதுபோல ௰, ௱ என்று வேண்டுமானால் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். அதற்கான வரையறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு "பழந்தமிழ்" என்று பொருள்படும் பெயரில் ஆயத்தமாகவே வெளியிட்டிருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அ, ஆ, இ-க்கும் அதே வழிதான். உங்கள் தம்பியிடம் "கவுன்ட்டர் ஸ்டைல்" விதி ஒன்று எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு உயிரெழுத்தையும் வரிசையாகக் கொடுத்து அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், ஐந்து நிமிஷ வேலை. ஒன்றை மட்டும் அவரிடம் முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்லுங்கள்: 13-வது ஐட்டம் வந்தால் என்ன? விதியை "ஆல்பபெடிக்" என்று எழுதினால் ஔ-வுக்குப் பிறகு "அஅ" என்று வரும், பார்க்கவே அசிங்கம். "ஃபிக்ஸ்டு" என்று எழுதினால் 13 என்று எண்ணுக்குத் தாவிவிடும். எனக்கு இரண்டாவதுதான் தேவலை. இப்படிச் சொந்த எண்வகை எழுதும் வசதி ஃபயர்ஃபாக்ஸில் 2014-இலும் குரோமில் 2021-இலும் சஃபாரியில் 2023-இலும் வந்தது. பழைய ஐபோன் வைத்திருக்கும் பெற்றோருக்கு 1, 2, 3 என்றே தெரியும், குடி முழுகிவிடாது. எழுதி முடித்த விதியை ஒரு சிஎஸ்எஸ் கிளாஸோடு (தோற்ற விதிக்கு நாம் வைக்கும் பெயர்) இணைத்துவிட்டால், பட்டியலின் வெளிப்பெட்டியைத் தேர்ந்தெடுத்து, "அட்வான்ஸ்டு" பகுதியில் அந்தக் கிளாஸின் பெயரைக் கொடுத்தால் போதும். அப்போது லிஸ்ட் ஸ்டைலைத் தொடாதீர்கள். அங்கே எதையாவது தேர்ந்தெடுத்தால் அது உங்கள் விதியை மிஞ்சிக்கொண்டு முன்னால் நிற்கும்.

கண்ணுக்கு எண் தெரிந்தால் போதாதா, நிஜப் பட்டியலோ பொய்ப் பட்டியலோ என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. என் ஆபீஸில் பார்வையற்ற சக ஊழியர் ஒருவர் எங்கள் பக்கங்களைச் சோதித்துத் தருவார். அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான். நிஜப் பட்டியலுக்கு வந்ததும் அது "நான்கு ஐட்டம் உள்ள பட்டியல்" என்று முதலிலேயே சொல்லிவிடும். எல் விசையைத் தட்டினால் பக்கத்தின் அடுத்த பட்டியலுக்கு, டேபிளைக் குறிக்கும் டி (T) விசையைத் தட்டினால் அடுத்த அட்டவணைக்கு நேராகத் தாவலாம். கையால் எண் அடித்த பட்டியலில் இது எதுவும் கிடையாது. எல் தட்டினால் "அடுத்த பட்டியல் இல்லை" என்று சொல்லும், அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்ப்பார். உங்கள் வகுப்புக்கு வரும் குழந்தைகளின் தாத்தா பாட்டிகளில் போனைப் பேசவிட்டுக் கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

இனி அட்டவணை. இதில் வேர்ட்பிரஸ் பட்டியல் அளவுக்கு முன்னேறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் கிளாசிக்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிளாசிக் எடிட்டரில் அட்டவணை போடும் பட்டனே இயல்பாகக் கிடையாது. எல்லாரும் வேர்டில் போட்டு ஒட்டினோம், இல்லாவிட்டால் இணையப் பக்கத்தின் மூலமொழியான எச்டிஎம்எல்-இல் எழுதினோம்.

முதலில் எது அட்டவணை, எது அட்டவணை இல்லை என்று பிரித்துவிடுங்கள். குறுக்கிலும் நெடுக்கிலும் படித்தால் பொருள் தர வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்காக நீங்கள் போட்டிருந்த பக்கம் நல்ல உதாரணம். பிருந்தாவன், லால்பாக், சதாப்தி, வந்தே பாரத் என்று ரயில்கள் ஒரு பக்கம், கிருஷ்ணராஜபுரம், பங்காருப்பேட்டை, ஜோலார்பேட்டை, காட்பாடி என்று நிலையங்கள் இன்னொரு பக்கம். ஒருவர் ரயிலைப் பிடித்துக்கொண்டு நிலையத்தைத் தேடுவார், வேலூருக்குப் போகிறவர் காட்பாடியைப் பிடித்துக்கொண்டு ரயிலைத் தேடுவார். இதைப் பட்டியலாக எழுதினால் யாருக்கும் விளங்காது. ஆசிரியர்கள் அறிமுகப் பக்கம் அப்படி இல்லை. இடப்பக்கம் படம், வலப்பக்கம் இரண்டு வரி, அவ்வளவுதான். அதற்கு "மீடியா அண்ட் டெக்ஸ்ட்" பிளாக் இருக்கிறது. போனில் தானாகப் படம் மேலேயும் எழுத்து கீழேயும் போய்விடும்.

அட்டவணையைச் செருகும்போது எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை என்று கேட்கும், குத்துமதிப்பாகக் கொடுங்கள், பிறகு கூட்டிக் குறைக்கலாம். செருகிய கையோடு வலப்பக்கத்தில் "ஹெடர் செக்ஷன்" என்பதை ஆன் செய்யுங்கள். நீங்கள் மேல்வரிசையைத் தேர்வு செய்து போல்டு ஆக்கியிருக்கிறீர்கள், அது கண்ணுக்கு மட்டும் தலைப்பு. ஹெடர் செக்ஷன் போட்டால் மேலே ஒரு புது வரிசை வரும், அதில் எழுதுவது நிஜமான தலைப்பாகப் பதிவாகும். முன்னே சொன்ன சக ஊழியர் கண்ட்ரோல், ஆல்ட்டோடு அம்பு விசையைத் தட்டிக் கட்டம் கட்டமாக நகரும்போது, நெடுவரிசை மாறியதும் திரைவாசிப்பான் "காட்பாடி" என்று நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நேரத்தைச் சொல்லும். தலைப்பு இல்லாவிட்டால் வெறும் நேரங்களாக அடுக்கிக்கொண்டே போகும். இடப்பக்க நெடுவரிசையைத் தலைப்பாக்க இங்கே பட்டன் இல்லை, அது ஒரு குறைதான். ஆகையால் எது முக்கியமான தலைப்போ அதை மேலே வருமாறு அட்டவணையைத் திருப்பிப் போடுங்கள்.

கட்டங்களை ஒன்றாக்கும் பட்டன் எங்கே என்று தேடினீர்கள். கிடையாது. வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ மெர்ஜ் செய்த அட்டவணையை ஒட்டினால் புதிய பதிப்புகளில் அந்த மெர்ஜ் அப்படியே தங்கும். ஆனால் அதற்குப் பிறகு உள்ளே கைவைத்தால்தான் வம்பு. நடுவில் ஒரு வரிசையைச் சேர்த்தால் கட்டங்கள் இடம் தள்ளி, "10 மணி" என்பது பக்கத்துப் பிரிவின் கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரிக்கவும் வழியில்லை, அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான்.

மெர்ஜ் இல்லாததை நான் பெரிய குறையாகப் பார்க்கவில்லை. உங்கள் நேர அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். மழலைப் பிரிவு, முதல்நிலை இரண்டுக்கும் ஒரே அறை என்பதால் கட்டத்தை மெர்ஜ் செய்து "கிளப் ஹவுஸ்" என்று ஒரே தடவை எழுதியிருக்கிறீர்கள். தாளில் அழகு. போனில் ஒரு வரிசையை மட்டும் பார்க்கும் பெற்றோருக்கு அந்த வரிசையில் அறை பெயரே தெரியாது. இரண்டு வரிசையிலும் "கிளப் ஹவுஸ்" என்று எழுதிவிடுங்கள். திரும்பத் திரும்ப எழுதுவது எழுத்தில்தான் குற்றம், அட்டவணையில் குணம்.

போனில் சொல் உடைவதற்கு வருவோம். வலப்பக்கத்தில் "ஃபிக்ஸ்டு விட்த் டேபிள் செல்ஸ்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆன் ஆக இருந்தால் எல்லா நெடுவரிசைக்கும் சம அகலம், அகலத்துக்குள் அடங்காத சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம் என்று அர்த்தம். ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் சமாளிக்கும், சொற்கள் குட்டை. நம் ஆட்கள் "விண்ணப்பிப்பவர்களுக்கு" என்று ஒரே சொல்லாக எழுதுவோம். சாதாரண போன் திரையில் நான்கு நெடுவரிசை போட்டால் ஒன்றுக்கு ஐந்தாறு எழுத்துக்கு மேல் இடம் கிடைக்காது. "விண்ணப்பிப்" ஒரு வரியில், "பவர்களுக்" அடுத்த வரியில், "கு" தன்னந்தனியாக மூன்றாவது வரியில். சுவிட்சை ஆஃப் செய்தால் ஒவ்வொரு நெடுவரிசையும் தன் சொற்களுக்கு வேண்டிய அகலத்தை எடுத்துக்கொள்ளும். திரையை மீறினால் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும், சொல் உடையாது.

அதுவும் அரைத் தீர்வுதான். பக்கவாட்டில் நகர்த்தலாம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, முதல் இரண்டு நெடுவரிசையைப் பார்த்துவிட்டு "தேதி போடவே இல்லையே" என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். தமிழில் மூன்று நெடுவரிசைக்கு மேல் போகாதீர்கள், கட்டத்துக்குள் முழு வாக்கியம் எழுதாதீர்கள் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. "குறிப்பு" என்று ஒரு கடைசி நெடுவரிசை போட்டு அதில் நாலு வரி எழுதும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. அந்த நெடுவரிசையைத் தூக்கி அட்டவணையின் கீழே இரண்டு வரிப் பத்தியாக வைத்தாலே பாதி அட்டவணைகள் போனுக்குள் அடங்கிவிடும். நீங்கள் குழந்தைகளுக்காகப் போட்டிருக்கும் தமிழ், கன்னடச் சொல் அட்டவணையைப் பாருங்கள்: பால், ஹாலு; பல், ஹல்லு; புலி, ஹுலி; பத்து, ஹத்து. இரண்டே நெடுவரிசை, குட்டிக் குட்டிச் சொல். அதில் யாரும் உங்களிடம் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சொல் அட்டவணை வளர்ந்துகொண்டே போவதால் அகர வரிசைப்படுத்த முடியுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேர்ட்பிரஸ் அட்டவணை பிளாக்கில் வரிசைப்படுத்தும் வசதி கிடையாது. டேபிள்பிரஸ் என்ற செருகுநிரல் (பிளகின்) போட்டால் பார்க்க வருபவர்களே தலைப்பைத் தட்டி வரிசைப்படுத்திக்கொள்ளலாம், எக்சல் கோப்பையும் உள்ளே எடுத்துக்கொள்ளும், மெர்ஜும் செய்யலாம். கூகுள் டாக்ஸ் அட்டவணைகளிலும் வரிசைப்படுத்தும் வசதி வந்துவிட்டது, தலைப்பு வரிசையைப் பக்கந்தோறும் வருமாறு பின் செய்யலாம். பாடத்திட்டத்தை அங்கேதானே எழுதுகிறீர்கள், அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எதில் வரிசைப்படுத்தினாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் தமிழெழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. ன, ந-வுக்கு அடுத்தே இருக்கிறது, ற, ர-வுக்கு அடுத்தே இருக்கிறது, ழ-வும் ள-வும் வ-வுக்கு முன்னால் வந்துவிடுகின்றன. மென்பொருள் தமிழுக்கென்று உள்ள வரிசை விதியைப் பார்க்காமல் வெறும் யூனிகோட் எண்ணைப் பார்த்து அடுக்கினால் குழந்தைகள் படிக்கும் அகராதியோடு ஒத்துப்போகாது. பந்து, பயிர், பனை என்று மூன்று சொல்லைக் கொடுத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். பனை கடைசியில் வந்தால் அந்த மென்பொருளை நம்பலாம். பனை நடுவில் வந்து நின்றால் அகர வரிசைக்கு அது லாயக்கில்லை, கையால் அடுக்க வேண்டியதுதான். தமிழ் வகுப்பின் தளத்திலேயே ன, ப-வுக்கு முன்னால் நின்றால் நன்றாகவா இருக்கும்?

டெல்லியிலோ மும்பையிலோ தமிழ் அமைப்புகளின் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தளம், வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபலில் ஓடினால் எடிட்டர் வேறு. 2022 டிசம்பரில் வந்த ட்ரூபல் 10, சிகேஎடிட்டர் 5 என்ற எடிட்டருக்கு மாறிவிட்டது. முந்தைய சிகேஎடிட்டர் 4-க்கான இலவச ஆதரவு 2023 ஜூனோடு முடிந்தது. சிகேஎடிட்டர் 5 அட்டவணையில் இதைவிடக் கெட்டிக்காரன். இடப்பக்க நெடுவரிசையைத் தலைப்பாக்கலாம், கட்டங்களை மெர்ஜ் செய்யலாம், பிரிக்கலாம், கடைசிக் கட்டத்தில் டேப் தட்டினால் புது வரிசை தானாக வரும். பட்டியல் ஐட்டத்துக்குள் பத்தி, படம், அட்டவணை வரைக்கும் வைக்கலாம், எண் அறுபடாது. வேர்ட்பிரஸும் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கடைசியாகப் பழைய பக்கங்கள். அவற்றைத் திறந்தால் முழுப்பக்கமும் ஒரே "கிளாசிக்" பிளாக்காகத் தெரியும். அப்படியே விட்டுவிட்டாலும் வாசகர்களுக்கு எதுவும் உடையாது, அவசரப்பட வேண்டாம். "கன்வர்ட் டு பிளாக்ஸ்" தட்டினால் நிஜப் பட்டியல்கள் ஒழுங்காகப் பிரிந்துவிடும். கையால் எண் அடித்தவை பத்திகளாகத்தான் வரும். அவற்றைச் சேர்த்துத் தேர்வு செய்து பட்டியலாக்கி, எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய எண்களை அழிக்க வேண்டும். வேர்டிலிருந்து வந்த பழைய அட்டவணைகள் அகலம், நிறம் என்று ஏகப்பட்ட மூட்டையைச் சுமந்துகொண்டிருக்கும், அவற்றைத் திருத்துவதைவிடப் புதிதாகப் போடுவது சீக்கிரம் முடியும். சேர்க்கை விவரப் பக்கத்தையும் நேர அட்டவணையையும் முதலில் மாற்றுங்கள், பெற்றோர் போனில் திறப்பது அவைதான். பழைய ஆண்டுவிழா அறிக்கைகளைத் தொடவே வேண்டாம். ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் வலப்பக்கத்தில் "ரிவிஷன்ஸ்" இருக்கிறது, முந்தைய நிலைக்குப் போய்விடலாம். அ, ஆ, இ விதியை எழுதுவதில் தம்பிக்குச் சந்தேகம் இருந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.